லிஸ்பனில் எங்கே தங்குவது: மேட்டிலா, சமதளத்திலா, மறுகரையிலா?

என் அக்காவின் குடும்பம் வரும் மே மாதத்தில் ஐந்து இரவுகள் லிஸ்பனில் கழிப்பது என்று முடிவு செய்துவிட்டு, எங்கே தங்குவது என்ற ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் தள்ளிவிட்டது. அக்கா, அத்தான், பதினைந்து வயது மகள், முழங்கால் வலியுள்ள எழுபத்திரண்டு வயது அத்தானின் அம்மா என்று நால்வர். அக்கா நான்கு இடங்களைக் குறித்து அனுப்பியிருந்தாள்: அல்ஃபாமாவில் கோட்டை மேட்டுச் சரிவில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படும் ஒரு வீடு, அரோயோஸ் பகுதியில் மெட்ரோ நிலையத்துக்கு அருகே ஒரு சிறு விடுதி, நகரத்தின் கிழக்கு ஓரத்தில் பார்க் தஸ் நசோயிஷ் என்ற புதுப் பகுதியில் ஒரு பெரிய ஹோட்டல், தேஜோ ஆற்றின் மறுகரையில் கசில்யாஸ் படகுத்துறைக்குப் பக்கத்தில் இன்னொரு வீடு. நான் 2012-இல் அல்ஃபாமாவிலும், 2024 இலையுதிர்காலத்தில் அரோயோஸிலும் தங்கியவன் என்பதால் என் கருத்துக்கு அவள் வைத்த மதிப்பு கொஞ்சம் அதிகம். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நகரம் மாறிய அளவைப் பார்த்தால், 2012-இல் நான் தெரிந்துகொண்டது எதுவும் இன்றைக்குச் செல்லாது.

பெரும்பாலான நகரங்களில் தங்குமிடம் என்பது பணமும் தூரமும் சேர்ந்த ஒரு கணக்கு. லிஸ்பனில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. எந்தப் பகுதியில் படுத்து எழுகிறோமோ அந்தப் பகுதியில் இன்னும் யார் வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான், நாம் ஒரு நகரத்தைப் பார்த்துவிட்டு வருகிறோமா, நகரம் போல அலங்கரிக்கப்பட்ட ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு வருகிறோமா என்பது தீர்மானமாகிறது. ஆகவே அக்காவுக்கு எழுதிய பதிலை இந்த மாற்றத்திலிருந்துதான் தொடங்கினேன்.

லிஸ்பன் நகராட்சியின் மக்கள்தொகை 1981-இல் 8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2021 கணக்கெடுப்பில் அது சுமார் 5.45 லட்சம். ஆட்கள் வெளியேறியதற்குச் சுற்றுலாவை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல, ஏனெனில் வெளியேற்றத்தின் பெரும்பகுதி சுற்றுலா அலை எழுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. 1948-இல் சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் வீட்டு வாடகைகளை உறையவைத்தது. பல பத்தாண்டுகளாக வாடகை உயராததால் வீட்டுக்காரர்கள் பழுதுபார்ப்பதை விட்டுவிட்டார்கள். குடியிருந்தவர்கள் மிகச் சொற்பத் தொகைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே வாழ்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். நான் 2012-இல் பார்த்த அல்ஃபாமாவில், கூரை இடிந்து உள்ளே அத்திச்செடி முளைத்த வீடுகளும், வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்த கட்டடங்களும் தெருவுக்கு இரண்டு மூன்று இருந்தன. அதை அழகு என்று அப்போது நான் நினைத்தேன். அங்கே குடியிருந்தவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு சில ஆண்டுகளுக்குள் நான்கு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. 2011-இல் கடன் நெருக்கடியில் சிக்கிய போர்ச்சுகல் 78 பில்லியன் யூரோ உதவியை வாங்கியபோது ஏற்ற நிபந்தனைகளின் தொடர்ச்சியாக, 2012-இல் வந்த வாடகைச் சட்டம் பழைய ஒப்பந்தங்களைச் சந்தை விலைக்கு நகர்த்த வழி செய்தது. அதே ஆண்டில் ‘தங்க விசா’ திட்டம் வந்து, 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கும் வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு உரிமை கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுபவர்களுக்கு வருமான வரிச் சலுகை 2009-இலிருந்தே இருந்தது. 2014-இல் வந்த ஓர் அரசாணை, வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய காலத்துக்கு விடுவதை எளிதாகப் பதிவு செய்யக்கூடிய தொழிலாக்கியது. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் வந்திருந்தால் நகரம் மெல்ல மாறியிருக்கும். நான்கும் சேர்ந்தபோது, இடிந்த வீடுகள் எல்லாம் செப்பனிடப்பட்டன, ஆனால் செப்பனிட்ட வீடுகளில் லிஸ்பன்காரர்கள் குடியேற முடியவில்லை. 2025-இல் அந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 870 யூரோ; நகர மையத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டின் வாடகை பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். 2023 ஏப்ரல் 1 அன்று ‘வாழ்வதற்கு வீடு’ என்ற முழக்கத்தோடு ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கியதற்கு இதுதான் பின்னணி. அதே ஆண்டில் சொத்து வாங்கித் தங்க விசா பெறும் வழி மூடப்பட்டது. அல்ஃபாமா, மொராரியா, பைரோ ஆல்தோ போன்ற பகுதிகளில் புதிய சுற்றுலா வீடுகளுக்கு அனுமதி தருவதை நகராட்சி 2018-லேயே நிறுத்திவைத்திருந்தது. ஆனால் அதற்குள் அங்கே மாற வேண்டியது மாறிவிட்டிருந்தது. அல்ஃபாமாவும் கோட்டைப் பகுதியும் நகரின் தாழ்வான மையப் பகுதியான பைஷாவும் அடங்கிய சான்தா மரியா மயோர் வட்டாரத்தில் 2011-இல் சுமார் 13,000 பேர் இருந்தார்கள். 2021-இல் சுமார் 10,000 பேர்.

இனி அக்காவின் பட்டியலுக்கு வருகிறேன். அல்ஃபாமாதான் முதலில் இருந்தது, அது இயல்பு. அரபு மொழியில் வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் பெற்ற இந்தப் பகுதி, 1755 நவம்பர் 1 அன்று நகரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் பெரும்பாலும் தப்பியது. இடிந்துபோன பைஷாவை அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபு சதுரங்கக் கட்டம் போல நேர்த்தெருக்களாகத் திரும்பக் கட்ட, அல்ஃபாமா மட்டும் பழைய சந்துகளோடும் படிக்கட்டுகளோடும் அப்படியே நின்றது. தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு தனி உறவும் உண்டு. உவரியிலும் கச்சத்தீவிலும் நம்மவர்கள் கும்பிடும் கோடி அற்புதர் அந்தோணியார் இத்தாலியின் பதுவா நகரத்தோடு சேர்த்து அறியப்பட்டாலும், அவர் 1195-இல் பிறந்தது அல்ஃபாமாவின் விளிம்பில், லிஸ்பன் பேராலயத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில்தான். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் இடத்தின் மேல் ஒரு கோயில் எழுந்திருக்கிறது. ஜூன் 12 இரவு அவருடைய விழாவில் அல்ஃபாமாவின் ஒவ்வொரு சந்திலும் கரியடுப்பில் மத்தி மீன் சுடுவார்கள். திருநீற்றுப் பச்சிலைக்கு நெருங்கிய உறவான ஒரு செடியைச் சிறு தொட்டியில் வைத்து, காகிதப் பூவும் நான்கு வரிக் கவிதையும் செருகி, காதலர்கள் ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள்.

இவ்வளவு இருந்தும் அல்ஃபாமாவில் தங்க வேண்டாம் என்றுதான் நான் எழுதினேன். முதற்காரணம் எளியது: அத்தானின் அம்மாவின் முழங்கால். அங்குள்ள பழைய வீடுகளில் லிஃப்ட் அரிது. வீட்டு வாசலுக்கே காரில் போக முடியாத சந்துகள் பல. சுண்ணாம்புக்கல் பதித்த நடைபாதை மழை பெய்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். இரண்டாவது காரணம், நான் 2012-இல் தங்கிய அதே தெருவுக்கு 2024-இல் ஒரு காலை நேரத்தில் திரும்பிப் போனபோது கண்டது. அன்று கீழ்த்தளத்தில் ஒரு மளிகைக் கடை இருந்தது. கடைக்கார அம்மையார் என் பாலையும் ரொட்டியையும் எடுத்து வைக்கும்போதே மேல்மாடிக்காரியிடம் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். இப்போது அதே இடத்தில் பயணப் பெட்டிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு வைத்துக்கொள்ளும் நிலையம் இருந்தது. அந்த ஒரு சந்தில் மட்டும் பதினொரு வாசல்களை எண்ணினேன். ஏழில், சுற்றுலா வீடு என்பதைக் காட்டும் ‘ஏ எல்’ என்ற இரண்டெழுத்துப் பலகை இருந்தது. ஜன்னல் கம்பிகளிலும் கதவோரங்களிலும் எண் பூட்டுப் போட்ட சிறு இரும்புப் பெட்டிகள் தொங்கின. வீட்டுக்காரர் வரவேண்டிய அவசியமின்றி விருந்தினர் சாவியை எடுத்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. சாவி, ஜன்னல், அலமாரி என்ற சொற்களை எல்லாம் நாம் போர்ச்சுகீசியரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள். வீட்டுக்குரிய சொற்களை நமக்குத் தந்த ஊரில், சாவியை ஒரு மனிதக் கை இன்னொரு கையில் கொடுக்கும் வழக்கம் மறைந்துவருவதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே ஒரு மாதிரியாக இருந்தது. எஞ்சியிருந்த நான்கு வாசல்களில் ஒன்றில் ஒரு மூதாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, செர்ரி வகைப் பழத்தில் ஊறிய ஜின்ஜா மதுவைச் சிறு கிண்ணங்களில் விற்றுக்கொண்டிருந்தார். பின்னால், துணிக்கொடியில் அவருடைய போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் படமெடுக்க நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

மற்றொரு புறத்தையும் சொல்லியாக வேண்டும். இடிந்து கிடந்தவற்றுக்கு இன்று கூரை இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, இரவில் நடக்கப் பயமில்லை. அந்த மூதாட்டியின் வருமானமும் நம்மைப் போன்றவர்களிடமிருந்து வருவதுதான். ஆனால் அல்ஃபாமாவைப் பார்க்க அல்ஃபாமாவில் தங்க வேண்டியதில்லை. காலை ஏழரை மணிக்கு அங்கே இருந்தால் போதும்; 2017-இல் திறந்த புதிய கப்பல் முனையம் அல்ஃபாமாவின் காலடியிலேயே இருப்பதால், பத்து மணிக்கு மேல் சொகுசுக் கப்பல்களின் கூட்டமும், ‘டுக்டுக்’ என்ற பெயரில் நம் ஊர் ஆட்டோவை நினைவூட்டும் வண்டிகளும் மேட்டை நிரப்பிவிடும். நம் ஆட்டோவில் ஊர் சுற்றிக்காட்டும் தொகைக்கும் அங்கே கேட்கும் தொகைக்கும் ஒப்பீடே கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அரோயோஸ் வேறு கதை. மார்த்திம் மொனிஸ் சதுக்கத்திலிருந்து வடக்கே ஏறும் அல்மிரான்தே ரெயிஸ் என்ற நீண்ட சாலையின் இருபுறமும் இன்தென்தான்தே, அஞ்ஜோஸ், அரோயோஸ் என்று பகுதிகள் தொடர்கின்றன. பச்சை மெட்ரோ தடம் அந்தச் சாலைக்குக் கீழேயே ஓடுகிறது. இங்கே அஞ்சல் அட்டைக்குரிய அழகு குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த நான்கைந்து மாடிக் கட்டடங்கள், பூ வேலைப்பாடுள்ள ஓடுகள் பதித்த முகப்புகள், இடையிடையே அவலட்சணமான அலுவலகங்கள் என்று கலவையாக இருக்கும். ஆனால் காலையில் கீழே இறங்கினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மருந்துக் கடை வாசலில் வயதானவர்கள், பிரேசில்காரர் நடத்தும் காபிக் கடை, நேபாளக் காய்கறிக் கடை, வட்ட வடிவில் கட்டிய பழைய அரோயோஸ் சந்தை என்று, நம் வருகையை யாரும் எதிர்பார்க்காத ஒரு நகரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நின்றபடி குடிக்கும் ஒரு குட்டிக் காபிக்கு அங்கே ஒரு யூரோவும் சில்லறையும். பைஷாவின் வெளிமேசையில் அதே காபிக்கு இரண்டு மூன்று மடங்கு.

அரோயோஸும் மாறாமல் இல்லை. ஒரு காலத்தில் விபசாரத்துக்கும் போதைப்பொருளுக்கும் பெயர்போன இன்தென்தான்தே சதுக்கத்துக்கு, கோவா வம்சாவளியினரான அன்றைய மேயர் அந்தோனியோ கொஸ்தா 2011-இல் தம் அலுவலகத்தையே மாற்றிக்கொண்டு போனார்; அதன் பிறகு கடைகளும் உணவகங்களும் வந்தன, வாடகையும் ஏறியது. 2019-இல் ஓர் ஆங்கில நகர வழிகாட்டி இதழ் உலகின் மிக ‘ஸ்டைலான’ குடியிருப்புப் பகுதி என்று அரோயோஸைத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சற்றுக் கீழே, மொராரியாவின் எல்லையில், வங்கதேசத்தவர்களின் கடைகள் நிறைந்த பென்ஃபோர்மோசோ தெரு இருக்கிறது. 2024 டிசம்பர் 19 அன்று போலீசார் அந்தத் தெருவை மறித்து, புலம்பெயர்ந்த தொழிலாளர்களைச் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கவைத்துச் சோதித்த படம் நாடெங்கும் விவாதமாகி, அடுத்த மாதம் பெரும் கண்டன ஊர்வலம் நடந்தது. 1147-இல் நகரம் கிறித்தவர் கைக்குப் போன பிறகு மூர்கள் எனப்பட்ட இஸ்லாமியர்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட இடம் மொராரியா. லிஸ்பனின் சோகப் பாடல் மரபான ஃபாதோ இசையின் முதல் பெயராகச் சொல்லப்படும் மரியா செவேரா பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்ததும் அங்கேதான். வெளியே நிறுத்தப்பட்டவர்களால் தன் பெயரையும் பாட்டையும் பெற்ற பகுதி அது. இன்று அங்கே நடப்பதை ‘நகரத்தின் குணம் கெட்டுவிட்டது’ என்று ஒரு சாராரும், ‘நகரம் தன் பழைய குணத்துக்குத் திரும்புகிறது’ என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். நான் இரண்டாவது சாராரின் பக்கம்.

நடைமுறை வசதிகளைப் பார்த்தாலும் அரோயோஸே முந்துகிறது. விமான நிலையத்திலிருந்து சிவப்புத் தடத்தில் வந்து அலமேதாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் அரோயோஸ். அங்கிருந்து மார்த்திம் மொனிஸ், ரோசியோ, ஆற்றங்கரையிலுள்ள கைஸ் தோ சோத்ரே எல்லாம் அதே தடத்தில் வரிசையாக வந்துவிடும். சைவ உணவுக்காரர்களான எங்கள் குடும்பத்துக்குச் சாப்பாடு ஒரு பெரிய கேள்வி. சூப்பில்கூடத் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும் நாடு அது. ஆனால் அல்மிரான்தே ரெயிஸ் சாலையை ஒட்டி இந்திய, நேபாள உணவகங்களும், பருப்பும் மிளகாய்த்தூளும் விற்கும் கடைகளும் ஏராளம். போர்ச்சுகீசியர் அரிசியை விரும்பி உண்பவர்கள் என்பதும், ஐரோப்பாவின் பல நாடுகளைப் போலன்றிச் சமையலில் பச்சைக் கொத்தமல்லித் தழையைத் தாராளமாகப் போடுபவர்கள் என்பதும் அத்தானின் அம்மாவுக்கு ஆறுதலான செய்திகள். ஒரு நாள் லுமியாரில் உள்ள ராதாகிருஷ்ணர் கோயிலுக்கு அவரை அழைத்துப் போகவும் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் மொசாம்பிக்கிலிருந்து வந்து குடியேறிய குஜராத்திகள் கட்டிய கோயில் அது, உள்ளே சைவ உணவுக்கூடமும் உண்டு.

பார்க் தஸ் நசோயிஷைப் பற்றி எழுத அதிகமில்லை. எண்ணெய்க் கிடங்குகளும் சுத்திகரிப்பு ஆலையும் இருந்த ஆற்றங்கரையை 1998 உலகக் கண்காட்சிக்காகத் துடைத்து எடுத்துக் கட்டிய பகுதி. மேடு பள்ளமில்லை, அகலமான நடைபாதை, எல்லாக் கட்டடத்திலும் லிஃப்ட், விமான நிலையத்திலிருந்து மூன்றே மெட்ரோ நிறுத்தம், கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்த ஒரியன்தே ரயில் நிலையம், பிள்ளைகளுக்குப் பெரிய மீன் காட்சியகம், ஆற்றைக் கடக்கும் சுமார் 17 கிலோமீட்டர் நீள வாஸ்கோ ட காமா பாலம். முழங்கால் வலியை மட்டும் வைத்து முடிவு செய்வதானால் இதற்கு இணையில்லை. பழைய கிடங்கு நிலத்தில் கட்டப்பட்டதால் மனச்சான்றும் அதிகம் உறுத்தாது. ஆனால் இரவு எட்டு மணிக்கு அங்கே ஜன்னலைத் திறந்து பார்த்தால் நீங்கள் லிஸ்பனில் இருக்கிறீர்களா, துபாயில் இருக்கிறீர்களா என்பது உடனே தெரியாது. வயதானவர்கள் இருவராக மட்டும் போகும் பயணம் என்றால் தயங்காமல் அங்கேயே தங்கச் சொல்வேன்.

என் மனம் இழுத்தது கசில்யாஸுக்குத்தான். கைஸ் தோ சோத்ரேவிலிருந்து பத்து நிமிடப் படகுப் பயணம்; அல்மாதா நகராட்சியைச் சேர்ந்த இந்தக் கரையில் இருந்து பார்த்தால்தான் லிஸ்பன் முழுவதும், ஏழு குன்றுகள் என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும் அந்த மேடுகளோடு, ஒரே வீச்சில் கண்ணில் விழும். லிஸ்பனுக்குள் இருந்துகொண்டு லிஸ்பனைப் பார்க்க முடியாது என்பது அங்கே போன முதல் மாலையில் எனக்குப் புரிந்தது. லிஸ்நாவே கப்பல் கட்டும் தளத்தின் மாபெரும் பளுதூக்கி, தளம் 2000-ஆம் ஆண்டோடு மூடப்பட்ட பிறகும், நிறுவனத்தின் பெயரைத் தாங்கியபடி வானத்தில் நிற்கிறது. 1966-இல் சலசாரின் பெயரோடு திறக்கப்பட்டு, 1974 புரட்சிக்குப் பிறகு ‘ஏப்ரல் 25’ என்று பெயர் மாறிய தொங்குபாலம் மேற்கே தெரிகிறது; அதன் இரும்புத் தளத்தில் கார்கள் ஓடும்போது எழும் ரீங்காரம், காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால், தேனீக் கூட்டம் நெருங்குவது போலக் காதில் விழும். மாலை ஆறு மணிப் படகில் வேலை முடிந்து திரும்புகிறவர்களின் முகங்களைப் பார்த்தால், பைஷாவின் ஹோட்டல்களையும் உணவகங்களையும் காலையில் திறந்து இரவில் துடைப்பவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதற்கு விடை கிடைக்கும். கையில் பாத்திரப் பையோடும் சீருடை தெரியும் மேல்கோட்டோடும் உட்கார்ந்து தூங்கிவிடும் பெண்கள், படகு கரையை இடிக்கும் அந்த ஒரு அதிர்ச்சியில் எல்லோரும் ஒன்றாகக் கண்விழிப்பதை நான் மூன்று நாள் பார்த்தேன்.

இருந்தாலும் கசில்யாஸை நான் முதல் பயணத்துக்குப் பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு முறை படகேற வேண்டும். மூடுபனியிலோ வேலைநிறுத்தத்திலோ படகு நின்றுபோனால் பாலத்தைச் சுற்றி வர நேரமாகும். பகலில் நடுவே களைத்துப் போனால் அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் படுத்து எழ முடியாது. நால்வரில் இருவருக்கு அந்த நடுப்பகல் உறக்கம் இல்லாமல் நாளே இல்லை. எனவே ஒரு மாலையை மட்டும் அதற்கு ஒதுக்கி, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு படகேறி, விளக்குகள் எரிந்த பிறகு திரும்பும்படி எழுதினேன். இரண்டாம் முறை போகிறவர்கள், அல்லது தனியாகப் போகிறவர்கள், ஐந்து இரவுகளையும் அங்கேயே கழிக்கலாம்.

தங்குமிடத்தின் வகையைப் பற்றியும் அக்கா கேட்டிருந்தாள்: வீடா, விடுதியா? நால்வருக்கு ஒரே வீடு எடுத்தால் சமையலறை கிடைக்கும், செலவும் குறையும். அதை மறுக்க முடியாது. ஒரு குடும்பம் வீட்டைத் தவிர்ப்பதால் லிஸ்பனின் வாடகை ஒரு சென்ட்கூட இறங்காது என்று அத்தான் சொன்னதும் உண்மைதான். ஆனாலும் குடியிருக்க ஆளில்லாமல் போன பகுதியில், குடியிருக்கக் கட்டிய வீட்டை ஐந்து நாளுக்கு எடுப்பதைவிட, விடுதியாகவே கட்டப்பட்ட கட்டடத்தில் இரண்டு அறைகள் எடுப்பது எனக்கு உகந்ததாகப் படுகிறது. அறையில் மின்கெண்டி இருந்தால் காலைக் காபிக்கும் அவசரத்துக்கு அவல் ஊறவைக்கவும் போதும். வீட்டைத்தான் எடுக்கிறீர்கள் என்றால், விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். நகராட்சிச் சுற்றுலா வரி இரண்டு வகைக்கும் ஒன்றுதான். 2016-இல் ஒரு யூரோவாகத் தொடங்கிய அந்த வரி, 2024 செப்டம்பரிலிருந்து 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தலைக்கு இரவுக்கு 4 யூரோ. அக்கா குடும்பத்துக்கு ஐந்து இரவுக்கு 80 யூரோ ஆகும். இதை முன்பதிவு விலையில் பலரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

போக்குவரத்தில் ஒரு மாற்றம் எல்லாப் பழைய வழிகாட்டிக் குறிப்புகளையும் பொய்யாக்கிவிட்டது. 1885-இலிருந்து ஓடிய குளோரியா மலைச்சரிவு வண்டி, 2025 செப்டம்பர் 3 மாலையில் இரு வண்டிகளையும் இணைக்கும் கம்பிவடம் விட்டுப்போய்த் தடம்புரண்டதில் 16 பேர் உயிரிழந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளோடு, அன்றாடம் அதில் வேலைக்குப் போய்வந்தவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். சரிவு வண்டிகளை நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம். 28-ஆம் எண் மஞ்சள் டிராமும் இப்போது பயண வாகனமாக இல்லாமல் காட்சிப் பொருளாகிவிட்டது; மார்த்திம் மொனிஸ் நிறுத்தத்தில் பகலில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது சாதாரணம், வழியில் காத்திருக்கும் உள்ளூர்ப் பாட்டிகளுக்கு ஏற இடமே கிடைப்பதில்லை. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் காலை ஏழு மணிக்கு, மறுமுனையான காம்போ த ஓரிக்கேயிலிருந்து ஏறுங்கள். கோட்டை மேட்டுக்குப் போக முழங்கால் வலிக்காரர்களுக்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது: பைஷாவின் ஃபன்கெய்ரோஸ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் கட்டணமில்லாத நகராட்சி லிஃப்ட் ஒன்று உண்டு, அதில் ஏறி மேல்தெருவில் இறங்கிச் சிறிது நடந்தால், இன்னொரு லிஃப்ட் மேலும் உயரே கொண்டுபோய் விடும். மீதி ஏற்றத்துக்கு 737-ஆம் எண் சிறு பேருந்து இருக்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை மே மாதம் சரியான தேர்வே. ஜூலையும் ஆகஸ்டும் வெயிலும் கூட்டமும், ஜனவரியில் வெளியே இதமாக இருந்தாலும் சூடேற்றும் வசதி இல்லாத பழைய வீடுகளுக்குள் எலும்பு வரை குளிரும். விழா வேண்டுமென்றால் மூன்று வாரம் தள்ளி ஜூன் 12-க்குப் போகலாம். ஆனால் அந்த இரவில் அல்ஃபாமாவுக்குள் நுழைவது மதுரைச் சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் நிற்பதற்குச் சமம், பெரியவர்களோடு போகிற காரியம் அல்ல.

அக்கா அரோயோஸ் விடுதியில், இரண்டாம் மாடியில், லிஃப்ட் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, அடுத்தடுத்த இரண்டு அறைகளை எடுத்துவிட்டாள். மகளுக்கு அல்ஃபாமா கிடைக்காத வருத்தம் கொஞ்சம் உண்டு. தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறியது, ரோமன் எழுத்துகளிலேயானாலும், 1554-இல் இந்த லிஸ்பனில்தான் என்று சொன்னதும் அவளுடைய ஆர்வம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அத்தானின் அம்மா வேறொரு வேண்டுகோள் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள், அந்தோணியார் பிறந்த இடத்தில் தமக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறாராம். பைஷாவிலிருந்து அந்தக் கோயிலுக்கு ஏற்றம் அதிகமில்லை. காலை நேரத்தில் டாக்சியில் வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம் என்று எழுதி, பிறந்த இடம் நிலவறையில் இருப்பதால் சில படிகள் இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.